ஜாவா 17-க்கு மாறியதும் பிளக்இன்களில் கிளாஸ்காஸ்ட்எக்ஸெப்ஷன்: இன்டர்ஃபேஸ் ஒன்றுதான், ஆனாலும் காஸ்ட் ஆகவில்லை

நூலகன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். அறிக்கை தயாரிக்கிற ஒரு அப்ளிகேஷன். நடுவில் ஒரு மையப் பகுதி. பிடிஎஃப், எக்ஸெல், எக்ஸ்எம்எல் என்று ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனி பிளக்இன் ஜார் (கிளாஸ்களைக் கட்டி வைத்த ஃபைல்). எல்லா பிளக்இனும் 'ரிப்போர்ட்.ஏபிஐ' பேக்கேஜில் இருக்கும் எக்ஸ்போர்ட்டர் இன்டர்ஃபேஸை இம்ப்ளிமென்ட் பண்ணும். மையம் அதைக் கூப்பிடும். அவ்வளவுதான் அமைப்பு.

ஜாவா 8-ல் ரொம்ப காலம் சிக்கலில்லாமல் ஓடியது. பழைய கோடில் சிஸ்டம் கிளாஸ்லோடரை (அப்ளிகேஷனின் கிளாஸ்களை ஏற்றுவது; 'ஆப்' லோடர் என்பதும் அதுவே) யூஆர்எல்கிளாஸ்லோடராகக் காஸ்ட் பண்ணி, ஆட்யூஆர்எல் மெத்தடை ரிஃப்ளெக்‌ஷனில் கூப்பிட்டு பிளக்இன் ஜார்களைச் சேர்த்திருந்தார்கள். 17-ல் அது முதல் வரியிலேயே விழுந்தது. சரி, இதுதான் சமயம் என்று ஒவ்வொரு பிளக்இனுக்கும் தனி லோடர் எழுதினோம். பிடிஎஃப் பிளக்இனுக்கு ஜாக்சன் என்ற ஜேசன் லைப்ரரியின் ஒரு வெர்ஷன், எக்ஸெல்லுக்கு வேறு வெர்ஷன் தேவைப்படுகிறது. அதனால் லோடரை 'சைல்டு ஃபர்ஸ்ட்' ஆக வைத்தோம்: முதலில் தன் ஜாரில் தேடும், இல்லாவிட்டால் பேரன்ட்டிடம் போகும்.

இப்போது பிளக்இன் ஏறுகிறது, ஆப்ஜெக்ட்டும் உருவாகிறது. எக்ஸ்போர்ட்டராகக் காஸ்ட் பண்ணும் வரியில் விழுகிறது. எரரின் சாரம் இது:

> ரிப்போர்ட்.பிடிஎஃப்.பிடிஎஃப்எக்ஸ்போர்ட்டர் கிளாஸை ரிப்போர்ட்.ஏபிஐ.எக்ஸ்போர்ட்டர் கிளாஸாகக் காஸ்ட் செய்ய முடியாது. (முன்னது பிளக்இன்லோடர் @41629346-இன் பெயரில்லா மாட்யூலில் உள்ளது; பின்னது 'ஆப்' லோடரின் பெயரில்லா மாட்யூலில் உள்ளது)

கோடில் 'இம்ப்ளிமென்ட்ஸ் எக்ஸ்போர்ட்டர்' என்று தெளிவாக இருக்கிறது. கம்பைல் ஆகிறது. எங்கே பார்ப்பது?

பைட்குறி

பிளக்இன் ஜாரைத் திறந்து பாருங்க. உள்ளே ரிப்போர்ட்.ஏபிஐ பேக்கேஜ் இருக்கா?

நூலகன்

இருக்கிறது. மேவன் பில்ட் கருவியின் ஷேட் பிளக்இன் எல்லா டிபென்டன்சியையும் சேர்த்து ஒரே ஃபேட் ஜாராகக் கட்டுகிறது. ஏபிஐயும் அதில் வந்துவிட்டது. ஆனால் இது ஜாவா 8-லும் அப்படியேதான் இருந்தது.

பைட்குறி

அப்போ இருந்ததில் தப்பே இல்லை. சிஸ்டம் லோடரிலேயே ஜாரைச் சேர்த்தீங்க, எல்லாம் ஒரே லோடர். ஏபிஐ இரண்டு ஜாரில் இருந்தாலும் கிளாஸ்பாத்தில் முன்னால் நிற்பது ஒரு தடவை ஏறும், மற்றது சும்மா கிடக்கும். சாதாரண யூஆர்எல்கிளாஸ்லோடரை இப்போ பயன்படுத்தினாலும் இந்தப் பிரச்சினை வராது. அது முதலில் பேரன்ட்டைக் கேட்கும், பேரன்ட்டிடம் ஏபிஐ இருக்கு, அதையே கொடுக்கும். நீங்க வரிசையைத் திருப்பினதும்தான் பிளக்இன் தன் வயிற்றில் இருக்கும் நகலை எடுத்துக்கிட்டது.

ஜேவிஎம்முக்கு (ஜாவா கோடை ஓட்டும் இன்ஜின்) ஒரு கிளாஸின் அடையாளம் அதன் முழுப்பெயர் மட்டும் இல்லை. பெயரும், அதை டிஃபைன் பண்ணின லோடரும் சேர்ந்துதான் அடையாளம். பைட்கோட் ஒரு பிட் கூட மாறாமல் இருந்தாலும் லோடர் வேறென்றால் அவை இரண்டு வேறு டைப்கள். உங்க பிடிஎஃப்எக்ஸ்போர்ட்டர் இம்ப்ளிமென்ட் பண்ணுவது பிளக்இன் லோடரின் எக்ஸ்போர்ட்டரை. நீங்க காஸ்ட் பண்ணுவது ஆப் லோடரின் எக்ஸ்போர்ட்டருக்கு. அடைப்புக்குறிக்குள் இருக்கும் பகுதி அதைத்தான் சொல்லுது. பழைய ஜாவாவில் அந்தப் பகுதியே வராது, 'இதை அதாக மாற்ற முடியாது' என்று இரண்டு கிளாஸ் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நிற்கும்.

ஊர்ஜிதம் பண்ண, கிளாஸ் லோட் லாகிங்கை இன்ஃபோ அளவில் திறந்து ஓட்டுங்க. ஒவ்வொரு கிளாஸுக்கும் பக்கத்தில் எந்த ஜாரிலிருந்து வந்தது என்று சோர்ஸ் காட்டும். எக்ஸ்போர்ட்டர் இரண்டு தடவை வரும், இரண்டு வேறு ஜாரோடு.

இன்னொன்று: லோடருக்கு ஒரு பெயர் வையுங்க. ஜாவா 9 முதல் கன்ஸ்ட்ரக்டரில் பெயர் கொடுக்கலாம். நாளைக்கு பத்து பிளக்இன் ஆகும்போது '@41629346' என்பது யார் என்று தேட வேண்டாம்.

புதுவரவு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கிளாஸ்நாட்ஃபவுண்ட்எக்ஸெப்ஷன், நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர் இரண்டும் எனக்குக் கலந்து கலந்து வருகிறது. இரண்டும் ஒன்றுதானே?

பைட்குறி

இல்லை. பெயரைச் சரமாகக் கொடுத்து, ஃபோர்நேம் அல்லது லோட்கிளாஸ் மூலம் கேட்கும்போது கிடைக்காவிட்டால் முதலாவது. கம்பைல் ஆகும்போது இருந்த கிளாஸ், ஓடும்போது ஜேவிஎம் லிங்க் பண்ணப் போன நேரத்தில் கிடைக்காவிட்டால் இரண்டாவது. இரண்டாவதற்கு உள்ளே 'காரணம்' என்று முதலாவது தொங்குவது வழக்கம்.

'குட் நாட் இனிஷியலைஸ் கிளாஸ்' என்று வரும் நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர் தனி ரகம். அங்கே கிளாஸ் கிடைத்துவிட்டது. அதன் ஸ்டாடிக் பிளாக் ஏற்கெனவே ஒரு தடவை வெடித்திருக்கிறது. லாகில் மேலே போய் எக்ஸெப்ஷன்இன்இனிஷியலைசர்எரரைத் தேடணும். அதை விட்டுட்டு டிபென்டன்சியை மாற்றி மாற்றிப் போடுவதில் பயனே இல்லை.

அடுக்குமாடி

நூலகன், இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, 17-ல் இருக்கீங்க. ஒவ்வொரு பிளக்இனுக்கும் மாட்யூல்இன்ஃபோ (மாட்யூலின் பெயரையும் எதைத் திறக்குது என்பதையும் சொல்லும் ஃபைல்) எழுதி மாட்யூல் பாத்தில் போட்டுடுங்க. கிளாஸ்லோடர் கையால் எழுதுவதெல்லாம் பழைய காலத்து வேலை. மாட்யூல் சிஸ்டமே பிரித்துக் கொடுக்கும்.

பைட்குறி

> மாட்யூல் சிஸ்டமே பிரித்துக் கொடுக்கும்.

எதைப் பிரிக்கும்? மாட்யூல் பாத்தில் போடும் உங்க எல்லா மாட்யூலையும் ஒரே ஆப் லோடர்தான் ஏற்றும். அங்கே பிரிவது பார்வை: யார் எந்த பேக்கேஜைத் தொடலாம் என்பது. லோடர் பிரிவதில்லை. அவருக்கு வேண்டியது இரண்டு ஜாக்சன் வெர்ஷன் ஒரே ப்ராசஸில். மாட்யூல் பாத்தில் ஒரே பெயரில் இரண்டு மாட்யூல் வைத்தால் முதலில் கிடைத்தது மட்டும்தான் எடுபடும். ஒரே ஃபோல்டரில் இரண்டும் இருந்தால் ஆரம்பத்திலேயே எரர்.

அதோடு, ஒரே லோடரில் இருக்கும் இரண்டு மாட்யூலில் ஒரே பேக்கேஜ் இருக்கக் கூடாது. எக்ஸ்போர்ட் பண்ணாமல் உள்ளே ஒளித்து வைத்திருந்தாலும் கூடாது. அவருடைய ஃபேட் ஜார்களை அப்படியே மாட்யூல் ஆக்கினால் ஒவ்வொன்றிலும் ரிப்போர்ட்.ஏபிஐ இருக்கும், மெயின் மெத்தடுக்கே போகாது.

அடுக்குமாடி

மெயினுக்கு முன்னாலேயே விழுவது நல்லதுதானே. பாதி ராத்திரி காஸ்ட்டில் விழுவதைவிட.

இரண்டு வெர்ஷன் வேணும்னா மாட்யூல்லேயர் இருக்கு, மாட்யூல்களைத் தனி அடுக்காக ஏற்றும் வசதி. ஒவ்வொரு பிளக்இனுக்கும் ஒரு லேயர், ஜாவா தொடங்கும்போதே அமையும் பூட் லேயர் அதுக்குப் பேரன்ட். 'டிஃபைன் மாட்யூல்ஸ் வித் ஒன் லோடர்' என்று கூப்பிட்டா லேயருக்கு ஒரு லோடரை ஜாவாவே கட்டித் தரும். நான் சொன்னதைத் திருத்திக்கறேன்: மாட்யூல் பாத் போதாது, லேயர் வேணும்.

பைட்குறி

லேயர் என்றால் ஒத்துக்கறேன். ஆனா அங்கேயும் இதே குழி வெட்டித்தான் இருக்கு. கான்ஃபிகரேஷன் ரிசால்வ் பண்ணும் மெத்தடுக்கு இரண்டு ஃபைண்டர் கொடுப்பீங்க: 'பிஃபோர்', 'ஆஃப்டர்'. பிஃபோரில் கொடுத்ததை பேரன்ட்டுக்கு முன்னாலேயே தேடும். பிளக்இன் ஃபோல்டரை பிஃபோரில் கொடுத்து, அந்த ஃபோல்டரில் ஏபிஐ ஜாரும் கிடந்தா, லேயருக்குள் புதுசா ஒரு ஏபிஐ மாட்யூல் பிறக்கும். மறுபடியும் அதே காஸ்ட் எரர். ஒரே வித்தியாசம், இந்தத் தடவை 'பெயரில்லா மாட்யூல்' என்று வராது, மாட்யூல் பெயரோடு மரியாதையா விழும்.

அடுக்குமாடி

ஃபோல்டரை ஆஃப்டரில் கொடுக்கணும். அப்போ பேரன்ட்டில் இருப்பதுதான் முதலில் எடுபடும்.

பைட்குறி

கொடுத்தா ஏபிஐ சரியாகும். மையத்திலும் ஜாக்சன் மாட்யூல் ஏறியிருந்தா, பிளக்இனுக்கும் அதே ஜாக்சன்தான். தனி வெர்ஷன் போச்சு. எந்த மெக்கானிசம் எடுத்தாலும் கேள்வி ஒன்றுதான்: எது பொது, எது சொந்தம்? அதைத் தீர்மானிக்காமல் கருவியை மாற்றுவதில் அர்த்தமில்லை.

நூலகன்

ஏபிஐ டிபென்டன்சிக்கு 'புரொவைடட்' (ஓடும்போது வெளியிலிருந்து கிடைக்கும்) ஸ்கோப் போட்டேன். ஷேட் இப்போது அதைச் சேர்ப்பதில்லை. பிடிஎஃப் பிளக்இன் ஓடுகிறது!

எக்ஸெல் பிளக்இனில் புது எரர். காஸ்ட் இல்லை, லிங்கேஜ்எரர். ரொம்ப நீளம். சுருக்கமாக:

> லோடர் கன்ஸ்ட்ரெயின்ட் வயலேஷன்: எக்ஸெல்எக்ஸ்போர்ட்டர் கிளாஸின் இன்டர்ஃபேஸ் மெத்தடைத் தேர்ந்தெடுக்கையில், பிளக்இன் லோடரும் 'ஆப்' லோடரும் அந்த மெத்தடின் சிக்னேச்சரில் வரும் எஸ்எல்எஃப்4ஜே லாகர் டைப்புக்கு வெவ்வேறு கிளாஸ் ஆப்ஜெக்ட்களை வைத்திருக்கின்றன.

ஏபிஐயை எடுத்துவிட்டேனே, இன்னும் ஏன்?

பைட்குறி

இதுதான் இந்த விஷயத்திலேயே முக்கியமான எரர். பயமுறுத்துற மாதிரி எழுதியிருக்கும், ஆனா ஜேவிஎம் இவ்வளவு துல்லியமா பேசுவது அபூர்வம். நிதானமா படிங்க.

எக்ஸ்போர்ட்டரில் ஒரு மெத்தட் லாகரை ஆர்க்யூமென்ட்டாக வாங்குது, சரியா? இன்டர்ஃபேஸ் ஆப் லோடரில் இருப்பதால் அது சொல்லும் 'லாகர்' ஆப் லோடரின் லாகர். எக்ஸெல்எக்ஸ்போர்ட்டர் பிளக்இன் லோடரில் இருக்கு, அந்த ஜாரில் எஸ்எல்எஃப்4ஜே என்ற லாகிங் லைப்ரரியின் நகலும் இருக்கு. அதனால் அது சொல்லும் 'லாகர்' வேற. இரண்டு பக்கமும் ஒரே மெத்தட் என்று நினைக்குது, ஆனா டைப் வேற. இதை அப்படியே விட்டா ஒரு பக்கத்து ஆப்ஜெக்ட்டை மறுபக்கம் வேற டைப்பாக நினைத்துத் தொடும், டைப் பாதுகாப்பே உடையும். அதனால் லிங்க் பண்ணும்போதே ஜேவிஎம் தடுக்குது.

ஆக, ஏபிஐ ஜாரை மட்டும் பொதுவாக்கினா போதாது. ஏபிஐயின் மெத்தட்களில் ஆர்க்யூமென்ட்டாகவோ, ரிட்டர்னாகவோ, எக்ஸெப்ஷனாகவோ, சூப்பர் கிளாஸாகவோ வரும் ஒவ்வொரு டைப்பும் பொதுதான். நீங்க அறிவிச்சாலும் அறிவிக்காட்டாலும். உங்க ஏபிஐயில் வேற என்னென்ன வெளி லைப்ரரி டைப் வருது என்று ஒரு பட்டியல் எடுங்க. ஜாவாவோடு வரும் ஜேடெப்ஸ் கருவியை ஏபிஐ ஜார் மேல் ஓட்டினா வந்துடும்.

நூலகன்

ஓட்டினேன். ஜேடிகே (ஜாவாவின் சொந்த லைப்ரரிகள்) தவிர இரண்டு: எஸ்எல்எஃப்4ஜே, ஜாக்சன். ஜாக்சன் எங்கிருந்து என்று பார்த்தால், 'டெம்ப்ளேட் தரவு' மெத்தட் ஜாக்சனின் ஜேசன்நோட் டைப்பை ரிட்டர்ன் பண்ணுகிறது. அதாவது...

பைட்குறி

அதாவது இரண்டு ஜாக்சன் வெர்ஷன் என்ற திட்டமே உங்க சொந்த ஏபிஐயில் அடிபட்டுப் போச்சு.

மூட்டைக்காரர்

இந்த இடத்துக்கு வந்து சேருவீங்க என்று முதல் பதிவிலேயே தெரியும், காத்திருந்தேன். 🙂

ஓஎஸ்ஜிஐ என்ற பிளக்இன் ஃபிரேம்வொர்க்கில் எக்ஸ்போர்ட் பேக்கேஜ் வரியில் 'யூசஸ்' என்று ஒன்று எழுதுவோம். 'இந்த பேக்கேஜின் சிக்னேச்சரில் இன்னின்ன பேக்கேஜ் வருது' என்று அர்த்தம். பிஎன்டி டூல் பைட்கோடைப் பார்த்து அதைத் தானாகவே எழுதும். ஒரு பண்டில் (ஓஎஸ்ஜிஐ பாணி ஜார்) ஏபிஐயை ஒரு இடத்திலிருந்தும் ஜாக்சனை வேறொரு இடத்திலிருந்தும் எடுத்து இரண்டும் முட்டினா, பண்டில் ரிசால்வே ஆகாது. 'யூசஸ் கன்ஸ்ட்ரெயின்ட் வயலேஷன்' என்று தொடக்கத்திலேயே நின்றுடும். நூலகன் ரன்டைமில் வாங்கின லோடர் கன்ஸ்ட்ரெயின்ட் எரரும் அதுவும் ஒரே விதிதான், ஓஎஸ்ஜிஐ முன்கூட்டியே சரிபார்க்குது, அவ்வளவுதான். ஃபெலிக்ஸ், ஈக்வினாக்ஸ் என்று ஓஎஸ்ஜிஐயை ஓட்டும் மென்பொருள்கள் இருக்கு, ஒன்றை எடுத்து வையுங்க, இதையெல்லாம் கையால் எழுத வேண்டாம்.

அடுக்குமாடி

மூட்டைக்காரரே, நாலு பிளக்இனுக்கு ஓஎஸ்ஜிஐயா? மெனிஃபெஸ்ட் சரியில்லாத ஒவ்வொரு மூன்றாம் தரப்பு ஜாரையும் பண்டிலாகச் சுற்றிக்கிட்டே உட்காரணும். சர்வீஸ்லோடரை (இம்ப்ளிமென்டேஷனைத் தேடித் தரும் ஜாவா வசதி) நம்பி எழுதின லைப்ரரி எதுவும் அங்கே நேராக ஓடாது, அதுக்குத் தனியா எஸ்பிஐ ஃப்ளை வேணும். டைனமிக் இம்போர்ட்டில் நட்சத்திரம் ('எல்லா பேக்கேஜும்' என்று அர்த்தம்) போட்டு எல்லாத்தையும் திறந்து விடுவாங்க, அப்புறம் என்ன தனிமை?

மூட்டைக்காரர்

நட்சத்திரம் போடுபவரை எந்த ஃபிரேம்வொர்க்கும் காப்பாற்றாது. மற்றதை மறுக்கல. ஏற்கெனவே ஓடும் அப்ளிகேஷனை ஓஎஸ்ஜிஐக்குக் கொண்டுவருவது பெரிய வேலைதான். புதுசா ஆரம்பிச்சா வேற கதை.

பைட்குறி

நூலகன், உங்க அளவுக்கு இரண்டும் வேண்டாம் என்பது என் கருத்து. இப்போ இருக்கும் சைல்டு ஃபர்ஸ்ட் லோடரையும் தூக்கிடுங்க. வரிசையைத் திருப்பாதீங்க, பேரன்ட்டுக்கு ஒரு சல்லடை போடுங்க.

எப்படின்னா: நடுவில் ஒரு சின்ன லோடர். அதோட பேரன்ட் பிளாட்ஃபார்ம் கிளாஸ்லோடர் (ஜாவாவின் சொந்தக் கிளாஸ்களைத் தருவது). அதில் ஃபைண்ட்கிளாஸை மட்டும் ஓவர்ரைடு பண்ணுங்க: பெயர் பொதுப் பட்டியலில் உள்ள பேக்கேஜில் தொடங்கினா ஆப் லோடரிடம் கேட்டு வாங்கிக் கொடு, இல்லையா, கிளாஸ்நாட்ஃபவுண்ட் வீசு. பிளக்இன் லோடர் ஒரு சாதாரண யூஆர்எல்கிளாஸ்லோடர், அதுக்குப் பேரன்ட் இந்தச் சல்லடை. வழக்கமான 'பேரன்ட் முதலில்' வரிசையே போதும், ஏன்னா பேரன்ட்டுக்குப் பொதுவானதைத் தவிர வேற எதுவும் தெரியாது.

கவனிக்க வேண்டியவை மூன்று. பேரன்ட்டாக நல் (வெற்று மதிப்பு) கொடுக்காதீங்க. ஜாவா 9-க்குப் பிறகு ஜாவா.எஸ்கியூஎல் போன்றவை ஜேவிஎம்முக்குள்ளேயே இருக்கும் பூட்ஸ்ட்ராப் லோடரில் இல்லை, பிளாட்ஃபார்ம் லோடரில் இருக்கு. நல் கொடுத்தா டேட்டாபேஸ் தொடும் பிளக்இன் மட்டும் விழும், காரணம் புரியாமல் அலைவீங்க. அடுத்தது, பெயரை ஒப்பிடும்போது கடைசிப் புள்ளியோடு ஒப்பிடுங்க. 'ரிப்போர்ட்.ஏபிஐ' என்று மட்டும் பார்த்தா 'ரிப்போர்ட்.ஏபிஐடெஸ்ட்' பேக்கேஜும் உள்ளே வந்துடும்.

மூன்றாவது பலருக்குத் தெரியாதது. சைல்டு ஃபர்ஸ்ட் எழுதுறவங்க லோட்கிளாஸை மட்டும் திருப்புவாங்க. கெட்ரிசோர்ஸ், கெட்ரிசோர்சஸ் இரண்டும் பழைய வரிசையிலேயே பேரன்ட்டை முதலில் கேட்கும். சர்வீஸ்லோடர் படிக்கும் மெட்டா-இன்ஃப் சர்வீசஸ் ஃபைல்கள் பேரன்ட்டிலிருந்தும் வரும், சைல்டிலிருந்தும் வரும். பேரன்ட் ஃபைலில் எழுதியிருக்கும் புரொவைடரை பிளக்இன் லோடர் வழியா ஏற்றினா, சைல்டில் அது இல்லை, பேரன்ட்டிடம் போகும், பேரன்ட்டின் இன்டர்ஃபேஸை இம்ப்ளிமென்ட் பண்ணின கிளாஸ் வரும். சர்வீஸ்லோடர் கேட்பதோ பிளக்இனின் இன்டர்ஃபேஸ். 'புரொவைடர் நாட் எ சப்டைப்' என்று ஒரு எரர் பார்த்திருப்பீங்களே, அதன் பிறப்பிடம் இதுதான். சல்லடை லோடரில் ரிசோர்ஸ் மெத்தட் எதையும் தொடாமல் விட்டாலே ஆப் லோடரின் ஃபைல்கள் பிளக்இனுக்குத் தெரியாது.

நூலகன்

சல்லடை போட்டாயிற்று. பொதுப் பட்டியலில் ரிப்போர்ட்.ஏபிஐ, எஸ்எல்எஃப்4ஜே இரண்டு மட்டும். ஜேசன்நோட் பற்றிப் பிறகு கேட்கிறேன், தற்காலிகமாக ஜாக்சனையும் சேர்த்திருக்கிறேன். பிடிஎஃப், எக்ஸெல் இரண்டும் ஓடுகின்றன.

எக்ஸ்எம்எல் பிளக்இன் ஒரு விநோதம் பண்ணுகிறது. அதில் ஜாக்ஸ்பி (ஆப்ஜெக்ட்டை எக்ஸ்எம்எல்லாக மாற்றும் லைப்ரரி) பயன்படுத்துகிறோம். ஜாவா 11-லேயே ஜேடிகேவிலிருந்து அதை எடுத்துவிட்டதால் ஜகார்த்தா ஏபிஐயும் இம்ப்ளிமென்டேஷனும் பிளக்இன் ஜாருக்குள் இருக்கின்றன. மெயின் த்ரெட்டில் கூப்பிட்டால் சரியாக ஓடுகிறது. பிளக்இன் உள்ளே கம்ப்ளீட்டபிள்ஃப்யூச்சர் வழியாக வேறு த்ரெட்டுக்கு அதே வேலையை அனுப்பினால், 'ஜாக்ஸ்பி ஏபிஐக்கு இம்ப்ளிமென்டேஷன் மாட்யூல் பாத்திலோ கிளாஸ்பாத்திலோ கிடைக்கவில்லை' என்கிறது. அதே ஜார், அதே லோடர்.

மெயின் த்ரெட்டில் பிளக்இனைக் கூப்பிடும் முன் கான்டெக்ஸ்ட் கிளாஸ்லோடரை (த்ரெட்டோடு ஒட்டி வைக்கும் லோடர்) பிளக்இன் லோடருக்கு மாற்றி, முடிந்ததும் ஃபைனலியில் பழையதை வைக்கிறோம்.

அடுக்குமாடி

கடைசி வரியிலேயே பதில் இருக்கு சகோ. மாற்றுவது மெயின் த்ரெட்டின் கான்டெக்ஸ்டை. கம்ப்ளீட்டபிள்ஃப்யூச்சரின் சப்ளை அசிங்க்குக்கு எக்ஸிக்யூட்டர் (வேலையை ஓட்டும் த்ரெட் கூட்டம்) கொடுக்காவிட்டால் வேலை எல்லாரும் பகிரும் ஃபோர்க்ஜாயின் காமன் பூலுக்குப் போகும். ஜாவா 9 முதல் அந்தப் பூலின் த்ரெட்களுக்குக் கான்டெக்ஸ்ட் லோடர் எப்போதும் சிஸ்டம் லோடர்தான். ஜாக்ஸ்பி தன் இம்ப்ளிமென்டேஷனை கான்டெக்ஸ்ட் லோடர் வழியாத்தான் தேடும். ஆப் லோடரில் ஜாக்ஸ்பி இல்லை, கிடைக்கல. பேரலல் ஸ்ட்ரீமிலும் இதே கதை, அங்கே இன்னும் மோசம்: கூப்பிட்ட த்ரெட்டும் கொஞ்சம் வேலை செய்யும் என்பதால் சில உறுப்புகளுக்கு ஓடும், சிலதுக்கு ஓடாது.

பைட்குறி

இவர் சொன்னது முழுக்கச் சரி. தீர்வு இரண்டு உண்டு. பிளக்இனுக்கென்று தனி எக்ஸிக்யூட்டர் வைத்து, த்ரெட் ஃபேக்டரியில் கான்டெக்ஸ்ட் லோடரை வைத்துக் கொடுப்பது ஒன்று. ஜாக்ஸ்பிகான்டெக்ஸ்டை உருவாக்கும்போதே லோடரைக் கையில் கொடுப்பது இன்னொன்று: பேக்கேஜ் பெயரும் கிளாஸ்லோடரும் வாங்கும் நியூஇன்ஸ்டன்ஸ் இருக்கு. அதுக்கு அந்த பேக்கேஜில் ஆப்ஜெக்ட்ஃபேக்டரியோ ஜாக்ஸ்பி இண்டெக்ஸ் ஃபைலோ இருக்கணும்.

எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். லோடரை வாங்கிக்கொள்ளும் வடிவம் ஒரு லைப்ரரியில் இருந்தா அதையே பயன்படுத்துங்க. சர்வீஸ்லோடரிலும் இருக்கு. கான்டெக்ஸ்ட் லோடர் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆர்க்யூமென்ட். யார் வைத்தார், யார் எடுத்தார் என்று கோடைப் படித்துக் கண்டுபிடிக்க முடியாது.

புதுவரவு

இன்னொரு சந்தேகம். காஸ்ட் பண்ணினால்தான் எரர் வருகிறது என்றால், முதலில் இன்ஸ்டன்ஸ்ஆஃப் வைத்துச் சரிபார்த்துவிட்டால் தப்பிக்கலாமா?

பைட்குறி

அது இன்னும் ஆபத்து. காஸ்ட் கத்தும். இன்ஸ்டன்ஸ்ஆஃப் சத்தமில்லாமல் ஃபால்ஸ் சொல்லிட்டுப் போயிடும், பிளக்இன் இல்லவே இல்லை என்று அப்ளிகேஷன் ஓடிக்கிட்டே இருக்கும். கேட்ச் பிளாக்கும் இப்படித்தான்: ஏபிஐயின் எக்ஸெப்ஷன் இரண்டு லோடரில் ஏறியிருந்தா, 'இதைத்தானே பிடிக்கச் சொன்னேன்' என்று நீங்க நினைக்கும் எக்ஸெப்ஷன் கேட்ச்சைத் தாண்டி மேலே போகும். ஸ்டாடிக் ஃபீல்டில் வைத்த சிங்கிள்டன் இரண்டாகிவிடும். ஒரு பக்கம் ரெஜிஸ்டர் பண்ணுவீங்க, மறுபக்கம் காலியா இருக்கும். காஸ்ட் எக்ஸெப்ஷன் வந்தது நூலகனுக்கு அதிர்ஷ்டம்.

நூலகன்

தனி எக்ஸிக்யூட்டரும் வைத்தோம், ஜாக்ஸ்பிக்கு லோடரைக் கையிலும் கொடுத்துவிட்டோம். எக்ஸ்எம்எல் சரி.

இப்போது ஜேசன்நோட். பொதுப் பட்டியலிலிருந்து ஜாக்சனை எடுக்க வேண்டுமானால் அந்த மெத்தட் ஜேசன்நோட் தரக் கூடாது. ஸ்ட்ரிங்காகக் கொடுக்கலாம், ஆனால் ஒவ்வொரு பிளக்இனும் மறுபடி பார்ஸ் பண்ண வேண்டும். தரவு சில சமயம் பெரிதாக இருக்கும். மேப்பாகக் கொடுக்கலாமா?

மூட்டைக்காரர்

என்னைக் கேட்டா ஜாக்சனைப் பொதுவாகவே விட்டுடுங்க. ஒரு வெர்ஷன், எல்லாரும் அதில். இரண்டு வெர்ஷன் தேவை என்று சொன்ன பிளக்இனை ஏற்றி எழுதுவது ஒரு தடவை வேலை. மேப் கொடுத்தா டைப் போச்சு, எண்ணா சரமா என்று ஒவ்வொரு இடத்திலும் காஸ்ட் பண்ணிக்கிட்டே இருப்பாங்க.

பைட்குறி

அது ஒரு தடவை வேலை இல்லை. மையத்தில் ஜாக்சனை ஏற்றும் ஒவ்வொரு தடவையும் எல்லா பிளக்இனையும் சோதிக்கணும். பாதுகாப்புக் காரணத்துக்காக அவசரமா ஏற்ற வேண்டிய நாளில், பிளக்இன் எழுதினவர் கையில் நீங்க மாட்டிக்கிட்டு நிற்பீங்க.

மேப், லிஸ்ட், ஸ்ட்ரிங், பிக்டெசிமல் எல்லாம் ஜேடிகே டைப்கள், ஜாவா. என்று தொடங்கும் எதையும் எந்த லோடரும் தனியா டிஃபைன் பண்ண முடியாது, ஆகவே அவை என்றைக்கும் பொது. மேப் வேண்டாம்னா ஏபிஐயிலேயே 'தரவுக்கணு' என்று நாலு மெத்தட் உள்ள சின்ன இன்டர்ஃபேஸ் எழுதுங்க. மையம் அதை ஜேசன்நோட் மேல் ஒரு உறையாகக் கொடுக்கட்டும். மறுபடி பார்ஸ் இல்லை, டைப்பும் இருக்கு, பிளக்இனுக்கு உள்ளே என்ன லைப்ரரி என்றே தெரியாது.

மூட்டைக்காரர்

நாலு மெத்தட் நாற்பது ஆகும், பாருங்க.

பைட்குறி

ஆகலாம். நாற்பது ஆனாலும் அது நம் கையில் இருக்கும் நாற்பது.

குப்பைசேகரி

இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன். ஒரு கேள்வி: பிளக்இனை அப்ளிகேஷன் ஓடும்போதே புதுப்பிப்பீங்களா, நூலகன்? அப்படியானால் தனி எக்ஸிக்யூட்டர் வைத்ததைக் கேட்டதும் எனக்குக் கை நடுங்குது.

நூலகன்

ஆமாம், புது ஜார் வந்தால் பழைய லோடரை க்ளோஸ் பண்ணிவிட்டுப் புதியது உருவாக்குகிறோம்.

குப்பைசேகரி

க்ளோஸ் பண்ணினா திறந்திருக்கும் ஜார் ஃபைல்தான் மூடும். ஏறிய கிளாஸ்கள் மெட்டாஸ்பேஸில் (கிளாஸ்களுக்கான மெமரி) அப்படியே இருக்கும். ஒரு லோடர் போகணும்னா அந்த லோடர், அது ஏற்றிய எல்லா கிளாஸ், அவற்றின் எல்லா ஆப்ஜெக்ட், எதற்குமே வெளியிலிருந்து ஒரு ரெஃபரன்ஸும் இருக்கக் கூடாது. ஒரே ஒரு ஆப்ஜெக்ட் மாட்டினாலும் மொத்தமும் தங்கும், ஏன்னா ஆப்ஜெக்ட் தன் கிளாஸைப் பிடிச்சிருக்கும், கிளாஸ் தன் லோடரைப் பிடிச்சிருக்கும், லோடர் தான் ஏற்றின எல்லா கிளாஸையும் பிடிச்சிருக்கும்.

உங்க தனி எக்ஸிக்யூட்டரின் த்ரெட்கள் உயிரோடு இருக்கும்வரை அவற்றின் கான்டெக்ஸ்ட் லோடரும் உயிரோடு இருக்கும். பழைய லோடரை விடும் முன் எக்ஸிக்யூட்டரை ஷட்டவுன் பண்ணி, த்ரெட்கள் முடியும்வரை காத்திருக்கணும். மையத்தின் த்ரெட்டில் பிளக்இன் த்ரெட்லோக்கல் (த்ரெட்டோடு ஒட்டிய மதிப்பு) வைத்துவிட்டு எடுக்காமல் போவது அடுத்த சந்தேக ஆசாமி. பிளக்இன் ஜாருக்குள் ஜேடிபிசி (டேட்டாபேஸ்) டிரைவர் இருந்தா டிரைவர்மேனேஜரில் தானாகப் பதிஞ்சுக்கும், அதை டீரெஜிஸ்டர் பண்ணணும், அதுவும் பிளக்இன் பக்கத்துக் கோடிலிருந்தே. டிரைவர்மேனேஜர் கூப்பிடுபவரின் லோடரைப் பார்த்துத்தான் அனுமதிக்கும், மையத்திலிருந்து கூப்பிட்டா மறுத்துடும். ஷட்டவுன் ஹூக் பதிஞ்சிருந்தா அதையும் எடுக்கணும்.

சோதிப்பது சுலபம். ஜாவாவோடு வரும் ஜேசிஎம்டி கருவியில் கிளாஸ்லோடர் புள்ளிவிவரம் கேட்கும் கட்டளை இருக்கு. பிளக்இனைப் பல தடவை மாற்றி, ஜிசியை (தேவையற்ற மெமரியை விடுவிப்பது) ஓடவிட்டு, அந்தக் கட்டளையை அடிங்க. பழைய பிளக்இன் லோடர்கள் வரிசையா நின்னா லீக். அப்புறம் ஹீப் டம்ப் எடுத்து, அதில் ஒரு பழைய லோடரைப் பிடிச்சு, ஜிசி ரூட் வரைக்கும் பாதை கேளுங்க. பெரும்பாலும் ஏதாவது ஒரு த்ரெட்டில்தான் போய் முடியும்.

நூலகன்

அடித்துப் பார்த்தேன். எக்ஸ்எம்எல் பிளக்இனின் பழைய லோடர்கள் அப்படியே நிற்கின்றன, பிடிஎஃப் போய்விடுகிறது. பாதை எக்ஸிக்யூட்டர் த்ரெட்டில்தான் முடிகிறது. க்ளோஸுக்கு முன் ஷட்டவுனும் காத்திருப்பும் சேர்த்த பிறகு எக்ஸ்எம்எல்லும் போகிறது. எக்ஸெல் மட்டும் இன்னும் பார்க்கவில்லை.

ஏபிஐ தெரியாமல் மறுபடி ஷேட் ஜாருக்குள் போய்விடாமல் இருக்க பில்டில் ஒரு சோதனை வைத்தோம்: பிளக்இன் ஜாரில் பொதுப் பட்டியலில் உள்ள பேக்கேஜின் கிளாஸ் ஒன்று இருந்தாலும் பில்ட் விழும். சல்லடை லோடர் படிக்கும் அதே பட்டியல் ஃபைலையே இந்தச் சோதனையும் படிக்கிறது.

'தரவுக்கணு' இன்டர்ஃபேஸ் எழுதத் தொடங்கிவிட்டேன். இப்போதைக்கு ஆறு மெத்தட், மூட்டைக்காரரே.